கழுவின முள்ளங்கி

மாப்பிள்ளை முள்ளங்கிக்குப் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

நிலவறைப் படியில் பாதியிலேயே நின்றுவிட்டாள் மாமியார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். சந்தேகமே இல்லை. கையில் டூத் பிரஷ். காலடியில் வாளித் தண்ணீர்.

பேர்போன பல் டாக்டர். ரப்பர் கையுறை, முகத்தில் மாஸ்க். முள்ளங்கிக்கு என்ன, தொற்றுநோயா?

மேலே வாசலில் அவளுடைய பெட்டி தயாராக நின்றது. மகன் காரோடு வந்துகொண்டிருந்தான். மகளே போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு இந்த வீட்டில் அவளுக்கு என்ன வேலை?

'இருங்க அத்தை' என்று ஒரு வார்த்தை வந்தால் இருக்கலாம்தான். வரவேண்டுமே! ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிற மனுஷருக்குத் தன் வாயைத் திறக்க மட்டும் தெரியாது.

சரி, சொல்லிக்கொண்டாவது கிளம்பலாம் என்று இறங்கி வந்தால், இந்தக் கூத்து.

"என்ன மாப்பிள்ளை, சொத்தை ஏதாவது இருக்கா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இல்ல அத்தை... குளிர்காலத்துக்கு எடுத்து வைக்கலாம்னு..."

எடுத்து வைக்கிற லட்சணம்! மரப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பஞ்சு மெத்தை. கிளினிக் பஞ்சேதான். அதன் மேல் முள்ளங்கிகள், பளபளவென்று, ஈரம் சொட்டச் சொட்ட, பிறந்த குழந்தைகளைப் போல வரிசையாகப் படுத்திருந்தன. தலையில் இலைக் கொத்து வேறு, அப்படியே.

இலையைக் கிள்ளாமல் வைத்தால் அது கிழங்கின் சாற்றையெல்லாம் உறிஞ்சிவிடாதா? ஒட்டின மண்ணோடு ஈர மணலில் புதைத்தால் பனி முடிகிறவரை கல்லாகக் கிடக்கும். கழுவி வைத்தால் கூழ். மணல் மூட்டை அதோ, அவர் முதுகுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. போன வருஷம் அவள் அடுக்கியபோது இந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால்தானே! மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடிய ஆள்.

"இவ்வளவும் யாருக்கு மாப்பிள்ளை?"

ஏளனமாகத்தான் கேட்டாள்.

அவர் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த முள்ளங்கியை எடுத்தார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு தேய்த்தார். மாஸ்க்குக்கு மேலே கண்கள் சிவந்து நீர் கோத்திருந்தன.

மாமியாரின் வாயில் தயாராக இருந்த அடுத்த நக்கல் அங்கேயே நின்றுவிட்டது.

அவள் முள்ளங்கி சமைக்கிற நாளெல்லாம் வீட்டு ஜன்னல் அத்தனையும் திறந்துவிட்டுக் கிளினிக்கிலேயே சாப்பிட்டு வந்தவர் இவர். மகளும் அதை வாயில் வைத்ததில்லை.

இந்த வீட்டில் முள்ளங்கி தின்கிற ஜீவன் ஒன்றே ஒன்றுதான்.

வாசலில் ஹாரன் அடித்தது.

அவள் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். மரப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள்.

"கழுவினதையெல்லாம் மூட்டை கட்டி உங்க மச்சான் கையில கொடுத்தனுப்புங்க. தின்னு தொலைக்கட்டும். தோட்டத்துல மிச்சம் இருக்கறதைப் பிடுங்கிட்டு வாங்க."

அவர் படியேறும்போது பின்னாலேயே குரல் துரத்தியது.

"அதையும் கழுவினீங்க... தெரியும் சேதி!"