எல்லோருக்கும் தெரிந்த சத்தம்

"லயத்து ஆளுங்க எல்லாரும் எறங்கிப் போயாச்சு சேச்சி. பத்து நிமிஷம்கூட ஆகல" என்று பின்சி போனில் சொன்னதும் செல்வப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்சி, பீர்மேட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். சற்று முன் அங்கே சங்கை ஊதியவள் அவள்தான்.

நாள் கணக்காக மழை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கும், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கும் மேலே மலை விரிசல் விட்டிருந்தது. செல்வப்பிரியாவின் அம்மா குருவம்மாள் அந்த லயத்தில்தான் இருந்தாள்.

போன மழையில் மலையாளத்தில் வந்த எச்சரிக்கைக் குறுஞ்செய்தியை லயத்தில் ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் செல்வப்பிரியா எம்.ஏ. தகவல் தொடர்பில் பேரிடர் எச்சரிக்கையை ஆய்வுக்கு எடுத்தாள். ஆபத்தென்றால் தொழிற்சாலைச் சங்கை ஊதுவது, ஜனங்கள் எதிர்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவது, இவ்வளவுதான் அவள் திட்டம். பேராசிரியர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அதை நம்பித்தான் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையில் பயிற்சி வேலையும் கொடுத்தார்கள்.

விடிந்ததும் விரிசல் பெரிதாகிறது என்று தகவல் வந்தபோது அதிகாரி அமர்நாத் தயங்கினார்.

"நோட்டீஸ் ஒட்டினதோட சரி. ஒத்திகையே பாக்கலையேம்மா."

"ஞாயித்துக்கெழம சார், எல்லாரும் தூங்கிட்டுக் கெடப்பாங்க. போன எடுக்க மாட்டாங்க. அந்தச் சங்கு கேட்டா எங்கம்மா காய்ச்சல்லகூட எந்திரிச்சு ஓடும்."

அவள் பிடித்த பிடியில் நின்றாள். சங்கு ஊதியது.

"எல்லாரையும் நல்லாப் பாத்தியா பின்சி?"

"பாத்தேன் சேச்சி. மழைக்குப் பிளாஸ்டிக் படங்கு கட்டிட்டு வரிசையாப் போனாங்க. பிள்ளைங்களத்தான் காணல. அதுக்குள்ள மஞ்சு மூடிருச்சு."

பிள்ளைகளை முதலிலேயே அனுப்பியிருப்பார்கள் என்று செல்வப்பிரியா நினைத்துக்கொண்டாள். அமர்நாத் எழுந்து வந்து கைகொடுத்தார்.

"உன் படிப்பு வீண் போகலேம்மா."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் அம்மா குரலைக் கேட்டால்தான் மூச்சு சீராகும் போலிருந்தது. பலமுறை அடித்த பிறகு குருவம்மாள் போனை எடுத்தாள். பின்னால் மழையும் பெண்களின் சலசலப்பும் கேட்டன.

"பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேந்துட்டியாம்மா?"

"பள்ளிக்கூடமா? லீவு நாள்லயும் சங்கு ஊதி வேலைக்குக் கூப்புட்டாங்கல்ல தாயி, எல்லாரும் பெரட்டுக் களத்துலதான் நிக்கோம்."