தளம் பறந்தது

தேர்வு முடிவு வெளியான காலையில், அதைப் போடும் இணையதளம் நத்தையாக ஊர்ந்தது.

“ஒவ்வொருத்தருக்கும் புதுசா டேட்டாபேஸைத் தோண்டுது சார். ஒருதடவை எடுத்த பக்கத்தை வச்சிக்கிட்டு, அதையே திரும்பக் குடுக்கலாம்,” என்றான் புரோகிராமர்.

“என்னவோ பண்ணுப்பா. போன் அடிச்சே உயிரை வாங்குறாங்க,” என்றார் மேனேஜர்.

பண்ணினான். தளம் பறந்தது.

மனைவி அழைத்தாள். “என்னங்க, நம்ம பொண்ணு கணக்குல நூத்துக்கு நூறு!”

கணக்கு என்றாலே காய்ச்சலில் படுக்கும் பெண்! அவனுக்குக் கண் கலங்கியது.

“பேருதான் யாரோ ஒரு பையனோடது விழுந்திருக்கு. உங்க ஆபீஸ்தானே, மாத்திடுங்க.”

அவசரமாகத் தளத்தைத் திறந்து பார்த்தான். முதலில் தேடிய பையனின் பக்கத்தைத்தான் தளம் ஊருக்கெல்லாம் வாரி வழங்கிக்கொண்டிருந்தது.

“சார்...” என்று எழுந்தான்.

மேனேஜர் போனும் கையுமாக ஓடி வந்து கட்டிக்கொண்டார். “என் மகளும் நூறுப்பா! பேரை மட்டும் கொஞ்சம் சரிபண்ணிடு.”