காக்கை இல்லாத திட்டம்

மயிலின் ஆட்டத்தைப் பார்த்தால்தான் அந்த அணில்குட்டி சாப்பிடும். முதல் மாதம் மயில் இலவசமாகத்தான் ஆடியது. ஆட்டத்துக்கு நடுநடுவே காக்கை வந்து, "புளியமரத்தில் கூடு வாடகைக்கு" என்று கத்திவிட்டுப் போகும்.

மாதம் முடிந்ததும் மயில் சொன்னது: "இனிமே மாசம் பத்துக் கடலை, தங்கச்சி. காக்கை வேண்டாம்னா இருபது."

ஏற்கெனவே மெலிந்த பிள்ளை. காக்கைச் சத்தத்தில் பயந்து புரையேறிவிட்டால் என்ன செய்வது என்று அம்மா அணிலுக்கு நடுக்கம். தன் வயிற்றைக் காயப்போட்டு இருபது கடலையைக் கொடுத்தது.

மயில் தடங்கலே இல்லாமல் ஆடியது. குட்டி கண்ணை எடுக்காமல் பார்த்தது. ஊட்டிய பழம் கன்னத்திலேயே கிடந்தது. மூன்று நாள் இப்படியே போன பிறகுதான் அம்மாவுக்கு விளங்கியது, இத்தனை நாளும் குட்டி மென்று விழுங்கியதெல்லாம் காக்கை கத்திய நேரத்தில் என்று.

மயிலிடம் ஓடியது. "அண்ணே, காக்கையைத் திரும்ப வரச் சொல்லுங்க."

"உன்னை மாதிரி நாலு அம்மாக்கள் கேட்டாச்சு. காக்கைக்கு இப்ப மவுசு கூடிப்போச்சு, தங்கச்சி. அதோட சேர்த்து முப்பது."

அணில் கொஞ்சம் யோசித்தது.

"வருஷத்துக்கு மொத்தமா கட்டினா குறைப்பீங்களா, அண்ணே?"