ஞாயிற்றுக்கிழமை நுழைந்தவன்

"அய்யா, நம்ம சர்வருக்குள்ள வெளியாளு ஒருத்தர் வந்து போறாரு."

சுகன்யா இதைச் சொன்னபோது திருமலைச்சாமி பூண்டு மூட்டைகளுக்கு நடுவே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். மன்னவனூர் மலைப்பூண்டு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்கு அவர்தான் செயலாளர். வெளியூர் ஆர்டரெல்லாம் மெயிலில்தான் வரும். அந்த மெயில் வரும் சர்வரைப் பார்த்துக்கொள்வது சுகன்யாவின் வேலை.

"வெளியாளுன்னா?"

"நெட் ஏன் இழுக்குதுன்னு சர்வர் பதிவுகளைப் பாத்தேங்க. வாராவாரம் ஞாயித்துக்கெழமை மதியம், ஆபீஸ் பூட்டிக் கெடக்கும்போது ஒருத்தர் வெளியூர்ல இருந்து உள்ள நுழையிறாரு. பூட்டை ஒடைச்செல்லாம் இல்ல. பாஸ்வேர்டு மாதிரி, சர்வருக்குன்னு நம்மளே குடுத்து வச்ச சாவியிலதான்."

"யாருக்குக் குடுத்தது?"

"முத்துராஜ்னு பேரு இருக்குங்க."

திருமலைச்சாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

முத்துராஜ் சுகன்யாவுக்கு முன்னால் இதே வேலையில் இருந்தவன். அவன் செய்த ஒரு தவறால் கம்பெனி பெயரில் லாட்டரி விழுந்திருக்கிறது என்று ஊர் உலகத்துக்கெல்லாம் ஸ்பேம் மெயில் போனது. அதன்பிறகு கம்பெனி அனுப்பிய நல்ல மெயிலையும் யாரும் உள்ளே விடவில்லை. இரண்டு வாரம் பூண்டு அப்படியே தேங்கிக் கிடந்தது. கூட்டம் போட்டு, அத்தனை பேர் முன்னாலும் நிற்க வைத்து, அவனை வேலையை விட்டு அனுப்பினார் திருமலைச்சாமி.

"வஞ்சம் வச்சுக்கிட்டு நோண்டுறான்மா. நீ வந்து எட்டு மாசமாச்சு, ஒரு ஸ்பேம் கெடையாது, ஒரு புகார் கெடையாது. அது அவனுக்குப் பொறுக்கல. என்னென்னத்தைத் திருடியிருக்கான்னு எழுதிக் குடு. இன்னைக்கே போலீசுக்குப் போவோம்."

சுகன்யா எழுத உட்கார்ந்தாள். முத்துராஜ் தடயம் எதையும் மறைக்கவில்லை. அவன் தட்டிய கட்டளைகள் எல்லாம் தேதிவாரியாக அப்படியே இருந்தன.

முதல் தேதி, அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். அந்த வாரம்தான் அவள் மெயில் அமைப்பில் எதையோ மாற்றியிருந்தாள். அதில் ஒரு வரி தப்பாகிப் போயிருக்கிறது. யார் வேண்டுமானாலும் இந்த சர்வர் வழியாக எதை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று கதவு திறந்து கிடந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முத்துராஜ் வந்து அதை மூடிவிட்டுப் போயிருக்கிறான்.

அவள் அந்த வரியை இரண்டு தரம் படித்தாள்.

அடுத்த மாதம் சர்வரில் இடம் நிரம்பி மெயில் நிற்க இருந்தது. பழைய குப்பையைக் கூட்டித் தள்ளியிருக்கிறான். ஆடி மாதத்தில் எங்கெங்கிருந்தோ யார் யாரோ உள்ளே நுழைய ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் தடை போட்டிருக்கிறான். 'நம்ம சர்வரை யாரு தேடி வரப்போறாங்க' என்று அவள் நிம்மதியாகத் தூங்கிய மாதம் அது.

ஒரு மெயிலைக்கூட அவன் திறந்து படிக்கவில்லை.

சுகன்யாவுக்கு முகம் சுட்டது. சாவியை அழித்துவிட்டு, 'எதுவும் திருடு போகவில்லை' என்று எழுதிக் கொடுத்தால் விஷயம் முடிந்தது. அவள் பெயரும் கெடாது. ஆனால் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அய்யா, அவரு எதையும் திருடலைங்க. நான் செஞ்ச தப்பையெல்லாம் ஒண்ணொண்ணா சரி பண்ணிட்டுப் போயிருக்காரு. எட்டு மாசமா நீங்க என்னையப் பாராட்டுனதெல்லாம் அவருக்குச் சேர வேண்டியது."

திருமலைச்சாமி ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டார். ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இங்கன சம்பளம் வாங்குறவனுங்களை வெள்ளனே வாங்கடான்னு தெனம் கெஞ்சிக்கிட்டு இருக்கேன். போகச் சொன்னவன் ஒரு வாரங்கூட லீவு போடாம வந்திருக்கான்."

"அய்யா, என் வேலை..."

"உனக்கும் சோலி இருக்கு, அவனுக்கும் இருக்கு. வெரசா போனைப் போடு."

ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த முத்துராஜ், திங்கட்கிழமை வத்தலக்குண்டு வந்து பஸ் மாறி மலையேறினான். மன்னிப்புக் கேட்கும் விதம் தெரியாத திருமலைச்சாமி, "ஏலே, சாப்பிட்டியா?" என்று பத்து நிமிஷத்துக்குள் நாலு தடவை கேட்டார். ஆபீஸே சிரித்தது.

முத்துராஜ் உட்கார்ந்ததும் செய்த முதல் காரியம், தன் பழைய சாவியை அழித்தது.

"வேலையில சேர்ந்த அன்னைக்கே பழைய ஆளு சாவியை அழிச்சிரணும் தங்கச்சி. இதையும் மறந்துட்ட."

சுகன்யா சிரித்துவிட்டாள். ஆனாலும் மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"அவமானப்படுத்தி அனுப்புன கம்பெனி மேல அவ்வளவு விசுவாசமாண்ணே?"

"கம்பெனி மேலயா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் கோவந்தான்." முத்துராஜ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "ஒரு நாளு இங்கேயிருந்து என் மெயிலுக்கே லாட்டரி ஸ்பேம் வந்துச்சு. உள்ள வந்து பாத்தா, நான் செஞ்ச அதே தப்பை நீயும் செஞ்சு வச்சிருக்க. அந்தக் கூட்டத்துல நான் நின்ன எடத்துல இன்னொரு ஆளும் வந்து நிக்க வேணாமேன்னுதான்."