அறைக்குள் அவுட்டோர்

ஏசி மெக்கானிக் வந்துவிட்டான்.

கூடத்தில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டதும் சசிகலா கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டாள். பதினோரு நாளில் வெளி ஆள் குரல் இன்றைக்குத்தான் காதில் விழுகிறது.

சித்திரை வெயில் போதாதென்று இந்த நெல் ரூமில் அவுட்டோர் மிஷின் வேறு. கம்பெனிக்கு நிலம் விற்ற கையோடு ஏசி வாங்கிய அப்பா நாகப்பன், வெளியே மாட்டினால் செம்புக் குழாயை எவனாவது அறுத்துக்கொண்டு போவான் என்று அதை உள்ளேயே மாட்டச் சொன்னார். ஊரில் இல்லாத புத்தி. கூடத்தில் அவர் குளுகுளுவென்று உட்கார, அந்தச் சூடெல்லாம் இவள் தலையில் இறங்கியது.

அப்படி என்ன குற்றம் செய்தாள்? அதே கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து லைனில் வேலை பார்க்கும் தூத்துக்குடி அந்தோணிராஜைக் கட்டிக்கொள்வேன் என்றாள். அவ்வளவுதான். ஜன்னல் இல்லாத ரூமாகப் பார்த்துப் பூட்டிவிட்டார்.

"சத்தம் கித்தம் போட்டே, அவன் ரூம் தேடி ஆளு போவும்" என்றார். சொன்னால் செய்கிற மனுஷன்.

அதனால்தான் நேற்று மிஷின் நின்ற நேரம் பார்த்துத் துப்பட்டாவைச் சுருட்டி அதன் ஃபேன் கம்பி ஜாலிக்குள் திணித்தாள். மடிப்புக்குள் ஒரு சீட்டு. அந்தோணிராஜின் பெயர், தண்டலத்தில் அவன் தங்கியிருக்கும் மேன்ஷன், தன்னைப் பூட்டி வைத்திருக்கும் செய்தி. ரிப்பேர் பார்க்கிறவன் துணியைப் பிரிக்காமலா போவான்?

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபில்டரில் அழுக்கில்லை. வோல்டேஜ் சரி. ரிமோட் சூட்டுக்கு மாறிக்கிடக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. பாவி, சீக்கிரம் இங்கே வாயேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

பூட்டு திறந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அப்பா பின்னாலேயே நின்றார். மெக்கானிக் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் எவ்வளவு உற்றுப் பார்த்தும் அவன் கண் தரையை விட்டு ஏறவில்லை.

துப்பட்டாவைக் கையால் தொடாமல் ஸ்க்ரூ டிரைவரால் கொக்கி போட்டு இழுத்தான். பிரிக்கவில்லை. சுருட்டியபடியே மூலையில் தள்ளிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ஒரு துப்பட்டாவைப் பார்த்து ஏன் கும்பிடுகிறான்? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அம்மை கண்ட பிள்ளைக்கு இந்த வேக்காடு ஆகாது அண்ணாச்சி. இன்னைக்கே மிஷின வெளிச் சுவத்துல மாட்டிருதேன்."

அப்போதுதான் பார்த்தாள். கதவு நிலைக்கு வெளியே கொத்தாக வேப்பிலை செருகியிருந்தது. பதினோரு நாளாகக் கூட வேலை பார்க்கிற ஒருத்திகூட வந்து எட்டிப் பார்க்காதது ஏன் என்று தெரிந்துபோயிற்று.

சாயங்காலத்துக்குள் மிஷின் வெளியே போனது. குழாய் போன ஓட்டையை அவனே சிமென்ட் குழைத்து, அம்மன் காரியம் என்று சிரத்தையாகப் பூசினான்.

ரூமில் வெக்கை தணிந்துவிட்டது. இனி அங்கே வெளி ஆளுக்கு ஒரு வேலையும் இல்லை.