பதினோரு கறை

“என் பேரு ஹரிஷ். வயசு இருவத்தி நாலு. ஆண்டர்சன்பேட்டைல, டென்சில் சார் ஷெட்டுல இருந்து பேசறேன்.”

பேசியது எழுத்தாகிப் போன் திரையில் ஏறுவதைப் பார்த்து ஹரிஷ் நிறுத்தினான். சொந்தக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் யாராவது பேர், வயசு சொல்வார்களா? கொச்சியில் வேலை கேட்டு அலைந்தபோது பழகிய வாய் அது. பயம் வந்தால் அங்கிருந்துதான் தொடங்கும்.

எதிரே ஸ்டாண்டின் மேல் படகு நின்றது. பதினாறு அடி நீள அலுமினிய ரேஸ் போட். டென்சில் சார் யூடியூப் பார்த்துத் தகடு வெட்டினார். கொச்சிப் படகுப் பட்டறையிலிருந்து திரும்பி வந்த ஹரிஷ் நான்கு மாதமாக வெல்டிங் அடித்தான். சாயந்தரம் அஞ்சு மணிக்கு லாரி வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மங்களூரில் பந்தயம். ஓட்டப்போவது டென்சில் சாரேதான்.

காலையில்தான் ஒழுகல் சோதனை வைத்துவிட்டுப் போயிருந்தான். வெளிப்பக்கம் வெல்டிங் அடித்த வரி நெடுக வெள்ளையாகச் சாக்பொடி பூச வேண்டும். உள்பக்கம் அதே வரியில் மண்ணெண்ணெய் தடவ வேண்டும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் போதும், மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் கறையாக நிற்கும். தடவிவிட்டு, லாரியில் படகைக் கட்டக் கயிறு வாங்கப் பங்காருபேட்டை போனான். இப்போதுதான் திரும்பினான்.

ஷெட் முழுக்க மண்ணெண்ணெய் வாடை. வாசலைப் பார்த்த பக்கத்தில், வெள்ளையில் பதினோரு கறை. மறுபக்கம் சுத்தம். முழத்துக்கு ஒன்று, அளந்து வைத்ததுபோல. அவனும் முழத்துக்கு ஒரு தடவை கையை எடுத்து எடுத்துத்தானே வெல்டிங் அடித்தான்? நிறுத்திய இடமெல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டது.

மறுபடி போனை வாயருகே கொண்டுபோனான்.

“கொச்சில நான் வெல்டருன்னு சொன்னது பொய். அடிச்சவங்க வேற. அவங்க அடிச்சதுக்கு சாக்பொடி பூசி, மண்ணெண்ணெ தடவி, கற இருக்குதான்னு பாத்து சொல்ற ஆளு நானு. மூணு வருஷம் அதான் வேல. சாப்பாட்டு நேரத்துல துண்டுத் தகட்டுல அடிச்சுப் பழகினேன், அவ்ளோதான். இப்ப போட்டு ஒழுகுது. இதுல ஏறினா டென்சில் சார் உசுருக்கே ஆபத்து. லாரி வேணாம். அப்பா, மன்னிச்சுடுங்க.”

அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான். அடுத்த நிமிடமே அது அடித்தது. தங்கை பவ்யா.

“ண்ணா, இன்னா இது? ஆயுத பூஜ அன்னிக்கா இப்படி மெசேஜ் போடுவ?”

“எல்லாரும் பாத்துட்டாங்களா?”

“அம்மாதான் பாக்கல. ஓடி வந்துது, எதையோ எடுத்துக்கினு மறுபடி ஓடிச்சு. அப்பா வாசு அண்ணன் டீக்கடைல இருந்தாரு.”

“கண்ணாடி இல்லாம அவருக்குப் படிக்க வராதே...”

“அதான். வாசு அண்ணன் படிச்சுக் காட்டிச்சாம். சத்தமா.”

ஹரிஷுக்குக் காது இரண்டும் கொதித்தன. அந்தக் கடையில்தான் அப்பா பெருமாள் நான்கு மாதமாக, “எம்புள்ள கொச்சில போட்டு வெல்டரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “தண்ணி லாரி வந்தாத்தான் நமக்குக் குளிக்கவே தண்ணி. இவரு புள்ள போட்டு கட்றானாம்!” என்பார் வாசு. கடையே சிரிக்கும். அப்பா மட்டும் சிரிக்காமல், “மங்களூர்ல பாருங்கய்யா” என்பார்.

“அப்பா இன்னா சொன்னாரு பவ்யா?”

“டீய அப்படியே வெச்சுட்டு எழுந்துட்டாராம். ‘எம்பேச்ச நம்பித்தானே அந்த மனுசன் இவனுக்கு வேல குடுத்தாரு’ன்னு டென்சில் சார் வீட்டுக்கு நடந்து போய்க்கினு இருக்காரு. கால்ல விழப்போறாராம்.”

ஹரிஷ் படகைத் திரும்பிப் பார்த்தான்.

“ண்ணா... நல்லா பாத்தியா? கறதானா அது?”

“வெல்டிங் தெரியாதுன்னு திட்டு, ஒத்துக்கறேன். கற பாக்கறதுல எனக்குத் தப்பாது. மூணு வருஷம் அத்த ஒண்ணுதானே பாத்தேன்.”

போனை வைக்கும்போதே ஷெட் கதவு கிறீச்சிட்டது. அம்மா பார்வதம்மா. கையில் ஒயர்கூடை, மேல்மூச்சு கீழ்மூச்சு.

“அடடா, வந்துட்டியா? நீ வர்றதுக்குள்ள முடிச்சுடணும்னு ஓடியாந்தேன் கண்ணு.”

“இன்னாத்தம்மா முடிக்கணும்?”

“ஊர்ல இருக்கற மெஷினு, சைக்கிளு எல்லாம் பொட்டு வெச்சுக்கினு நிக்கிது. எம்புள்ள கட்டின போட்டு மட்டும் மூளியா நிக்கலாமா? அந்த வெள்ளப் பொடி மேல குங்குமம் ஒட்டாதேன்னு, ஒத்தப்படையா பதினோரு எடத்துல நல்லெண்ணெ தொட்டு வெச்சேன். அப்புறம் பாத்தா, குங்குமச் சிமிழ வீட்லயே மறந்துட்டு வந்துட்டேன்!”

சிமிழைத் திறந்து, முதல் கறையின் மேல் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள்.

ஹரிஷ் பாய்ந்து போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டான். “என் பேரு ஹரிஷ். போட்டு ஒழுகல. இத்த யாரு படிச்சாலும் சரி, உடனே ஓடிப்போயி, டென்சில் சார் வீட்டு வாசலத் தாண்டறதுக்குள்ள எங்கப்பாவ நிறுத்துங்க.”