மறுபடி

நப்பின்னையின் கத்தி ஒரு நூலளவு தள்ளிப் பட்டுவிட்டது. எட்டு மாதக் குழந்தை. சிறுநீர்ப் பாதையின் அடைப்பை நீக்கப்போன இடத்தில், குறுக்கே ஓடிய ரத்தக்குழாய் அறுந்து குபுகுபுவென்று ரத்தம் பொங்கியது.

அவள் பதறவில்லை. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "மறுபடி" என்றாள்.

கணினி காட்டும் பொய் உடலை அறுத்துப் பழகும் சிமுலேட்டரில் அப்படித்தான். அவள் தலைமுறை டாக்டர்கள் எல்லோரும் சிமுலேட்டர் குழந்தைகளை அறுத்தே தேறியவர்கள். தப்பு நேர்ந்தால் கையை எடுத்துவிட்டு அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். அறுந்தது ஒட்டிக்கொள்ளும், குழந்தை பழையபடி கிடக்கும்.

இந்த ரத்தம் நிற்கவில்லை.

"யார்கிட்ட சொல்றீங்க?" மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இருதயராஜ் கத்தினார். "பிரஷர் இறங்குது! விரலை வச்சு அழுத்துங்க!"

அழுத்தினாள். விரலடியில் சூடாக ஏதோ துடித்தது. அத்தனை வருடப் பயிற்சியில் எந்தக் குழந்தையும் இப்படி அவள் விரலுக்குக் கீழே பயந்ததில்லை. ரத்தம் அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை. பிறகு தைத்தாள்.

வெளியே வந்து, பிள்ளை பிழைத்துவிட்டான் என்று சொன்னதும் தாய் கைகூப்பினாள்.

"நூத்துக்கணக்குல செஞ்சிருக்கேன்னு காலையில சொன்னீங்களே டாக்டர், அந்தத் தைரியத்துலதான் புள்ளைய உள்ள அனுப்புனேன்."

நப்பின்னையின் விரலில் அந்தத் துடிப்பு இன்னும் ஓயவில்லை.

"இல்லம்மா. உங்க பையன்தான் முதல்."

கூப்பிய கைகள் மெல்லப் பிரிந்தன.